அம்மாவின் வலது கையும் விட்டத்துக் கப்பியும்

கேள்வி:

ஐயா, எங்கள் ஊர் நிலக்கோட்டைப் பக்கம். அம்மாவுக்கு 58 வயது, பூக்கட்டி விற்பவர். மூன்றரை மாதத்துக்கு முன் ஒருநாள் விடியற்காலையில் வலது பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் 11 நாள் இருந்தோம். பேச்சு குழறியது, இப்போது தெளிந்துவிட்டது. காலும் தேறிவிட்டது, கம்பு இல்லாமல் தெருமுக்கு வரை நடக்கிறார். கை மட்டும் வரவில்லை. முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொள்கிறது, விரல்கள் மூடியே இருக்கின்றன. வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்தவரைப் பத்து நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகவில்லை. தெரிந்தவர் சொன்னார் என்று விட்டத்தில் கப்பி மாட்டிக் கயிறு கட்டி, நல்ல கையால் இழுத்துச் சுகமில்லாத கையைத் தூக்க வைக்கிறோம். ஒரு மாதமாகத் தோளில் வலி, ராத்திரி தூக்கமில்லை. ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்து அழுத்தச் சொல்கிறோம். ஆறு மாதத்துக்குள் வராத கை அப்புறம் வராது என்கிறார் மாமா. புறா ரத்தம் தேய்க்கச் சொல்கிறார் அத்தை. இன்னொன்று: கொட்டாவி விடும்போது மட்டும் அந்தக் கை தானாக மேலே எழும்புகிறது. அது நல்லதுக்கா, கெட்டதுக்கா? இடக்கையால் சாப்பிடக் கூச்சப்பட்டு, நாங்கள் எல்லாரும் படுத்த பிறகுதான் அம்மா சாப்பிடுகிறார். என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள் சகோதரி. முழுக் கடிதத்தையும் படித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள். அவிழ்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கப்பி மாட்டியவன்தான். அப்போதெல்லாம் பிசியோதெரபி அறை என்றால் கூரையில் கப்பி தொங்கியே ஆக வேண்டும். நோயாளிக்கும் பிடிக்கும், செத்துப்போன கை மேலே போய் வருவதைப் பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் தோள் மூட்டின் அமைப்பு அதற்கு இடம் கொடுப்பதில்லை. இடுப்பு மூட்டு, கொட்டாங்கச்சிக்குள் உட்கார்ந்த உருண்டை மாதிரி. எளிதில் நழுவாது. தோள் மூட்டோ தட்டின் மேல் வைத்த எலுமிச்சம்பழம். சுற்றியுள்ள தசைகள் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் அது நழுவாமல் இருக்கிறது. பக்கவாதத்தில் முதலில் தளர்ந்து போவது அந்தத் தசைகள்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. நாம் கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தோள் மூட்டு மட்டும் வேலை செய்வதில்லை. முதுகில் இருக்கும் தோள்பட்டை எலும்பும் கூடவே சுழல்கிறது. கை மேலே உயரும் மொத்த அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதனுடையது. மேற்கையும் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொடுக்கிறது. அம்மாவுக்கு இந்த இரண்டும் நடக்காது. கயிறு கையை மட்டும் இழுக்கிறது, பட்டை எலும்பு அசையாமல் நிற்கிறது, நடுவில் மாட்டிய தசைநார் நசுங்குகிறது. 1990ல் வெளியான ஓர் ஆய்வில் பக்கவாதக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். சிகிச்சையாளர் தன் கையாலேயே மெதுவாக அசைத்துவிட்ட குழுவில் 8 சதவீதம் பேருக்குத் தோள்வலி வந்தது. கப்பிக் கயிறு இழுத்த குழுவில் 62 சதவீதம். 28 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனால் அதைப் படித்த பிறகு நான் கப்பியைத் தொடவில்லை.

தோளைக் காப்பாற்றுவதுதான் இப்போதைக்கு முதல் வேலை. வலிக்கிற தோளோடு எந்தப் பயிற்சியும் ஏறாது. அம்மாவைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்தோ, அக்குளுக்குள் கையைக் கொடுத்தோ தூக்கக் கூடாது. முதுகிலும் இடுப்பிலும் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். ஜாக்கெட்டோ நைட்டியோ போடும்போது சுகமில்லாத கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது அந்தக் கை கடைசி. உட்கார்ந்திருக்கும்போது கை மடியில் சுருண்டோ பக்கத்தில் தொங்கியோ கிடக்கக் கூடாது. ஒரு மேசை, இல்லாவிட்டால் மடியில் இரண்டு தலையணை, அதன்மேல் முழங்கை முதல் விரல் வரை தாங்கியிருக்கட்டும். கழுத்தில் தொட்டில் மாதிரி கட்டிவிடும் துணிப் பட்டையை நாள் முழுக்கப் போட்டுவிடாதீர்கள். மடங்கிப் பழகிவிட்ட முழங்கையை அது இன்னும் மடக்கியே வைக்கும். படுக்கும்போது மல்லாந்தால் தோள்பட்டைக்கு அடியிலும் கைக்கு அடியிலும் தலையணை. இடப்பக்கம் ஒருக்களித்தால் வலது கையை முன்னால் நீட்டித் தலையணைமேல் வையுங்கள். நீங்கள் கையை அசைத்துவிடும்போது தோள் உயரத்துக்கு மேல் போக வேண்டாம். கட்டை விரல் மேலே பார்த்தபடி, முழங்கையையும் மணிக்கட்டையும் இரண்டு இடத்தில் தாங்கி, வலிக்கிற இடத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

புறங்கை வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். தோள்வலியோடு அதுவும் இருந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். அது தனியாக மருந்து கேட்கும் பிரச்சினை. வீக்கம் இல்லாவிட்டாலும், ராத்திரி தூக்கம் கெடும் அளவுக்கு வலி என்பதால் தோளை ஒருவர் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். நான் கடிதத்தைத்தான் பார்க்கிறேன், அம்மாவைப் பார்க்கவில்லை.

கால் வந்துவிட்டது, கை ஏன் வரவில்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள். இதற்கு இரண்டு காரணம் உண்டு. மூளையின் நடு ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் நடப்பது. கைக்கும் முகத்துக்கும் உரிய பகுதி பெரும்பாலும் அந்தக் குழாயை நம்பியே இருக்கிறது. காலுக்கு உரிய பகுதிக்கு வேறொரு குழாயிலிருந்து ரத்தம் போகிறது. இரண்டாவது காரணம் மூளையில் இல்லை, வீட்டில் இருக்கிறது. ஒற்றைக் காலால் யாரும் நடக்க முடியாது. கக்கூசுக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் காலும் தரையில் ஊன்றியே ஆக வேண்டும், நாளைக்கு நூறு தடவை. கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டம்ளரை எடுக்க, கதவைத் திறக்க, முகம் கழுவ எல்லாவற்றுக்கும் இடது கை ஓடி வந்துவிடுகிறது. வலது கையும் நாளடைவில் ஒதுங்கிக்கொள்கிறது.

இந்த ஒதுங்கலைத்தான் எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் குரங்குகளிடம் பார்த்தார். ஒரு கையில் உணர்ச்சி இழந்த குரங்கு, அந்தக் கையைப் பயன்படுத்த முடிந்த பிறகும் பயன்படுத்தவில்லை. நல்ல கையைக் கட்டிப்போட்டதும் பயன்படுத்தியது. அதிலிருந்து பிறந்த சிகிச்சைக்கு இப்போது உலகம் முழுக்க மதிப்பு இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

கொட்டாவிக்கு வருவோம். கொட்டாவியை நடத்துவது மூளையின் அடித்தண்டு. மேலிருந்து கைக்கு வரும் கட்டளைப் பாதை அடிபட்டதும், கீழே இருக்கும் அந்தப் பழைய பகுதிக்குக் கடிவாளம் தளர்ந்துவிடுகிறது. வாய் பிளக்கும்போது கையும் சேர்ந்து எழும்புகிறது. இருமினாலும், வேகமாக நடந்தாலும், பதற்றப்பட்டாலும் முழங்கை இன்னும் மடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே குடும்பம்தான். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. "கை வந்துருச்சு" என்று கோயிலுக்கு வேண்டிக்கொள்ளவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அம்மா தானாக நினைத்து அசைப்பது எவ்வளவு என்பதுதான் நமக்குக் கணக்கு.

மாமா சொல்லும் ஆறு மாதக் கணக்கில் பாதி உண்மை இருக்கிறது. மூளை தானாகவே தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேகம் முதல் மூன்று மாதத்தில் அதிகம். அதற்குப் பிறகு குறைகிறது. ஆனால் குறைவது வேறு, கதவு சாத்துவது வேறு. லண்டன் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில் கைக்கு மட்டும் தனிப் பயிற்சித் திட்டம் ஒன்று நடக்கிறது. மூன்று வாரத்தில் 90 மணி நேரம். அங்கே வந்த 224 பேரின் முடிவுகளை 2019ல் வெளியிட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்குமேல் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் அளவுக்குக் கடந்திருந்தது. இருந்தும் கை தேறியது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தேர்ச்சி நின்றிருந்தது. ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: எல்லாருக்கும் பழைய கை திரும்புவதில்லை. முதல் சில நாளிலேயே விரலைக் கொஞ்சமாவது நீட்ட முடிந்தவர்களுக்கும், தோளைப் பக்கவாட்டில் கொஞ்சமாவது தூக்க முடிந்தவர்களுக்கும் வாய்ப்பு மிக அதிகம். சுத்தமாக அசைவே இல்லாதவர்களுக்குக் குறைவு. அம்மாவுக்கு அப்போது எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. இப்போது எப்படி இருக்கிறது என்பதையாவது பார்த்துவிடலாம்.

இரண்டு சோதனை போதும். முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். புறங்கையை மேலே தூக்கச் சொல்லுங்கள். ஒரு விரல்கடை உயர்ந்தாலும் எழுதி வையுங்கள். அடுத்து, ஒரு பழைய துண்டை மேசைமேல் போட்டு, எப்படியாவது அள்ளி எடுத்துக் கீழே போடச் சொல்லுங்கள். எடுப்பதைவிடப் போடுவதைக் கவனியுங்கள். துண்டு கையை விட்டு நழுவுகிறதா, இடது கை வந்து பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருக்கிறதா?

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்ததும் இதைத்தான். அம்மாவின் கைக்குப் பிடிக்கத் தெரிகிறது, விடத்தான் தெரியவில்லை. சுவீடனில் பிறந்த சிக்னே புருன்ஸ்ட்ராம் என்ற பிசியோதெரபிஸ்ட், பக்கவாதத்துக்குப் பின் கை படிப்படியாக எப்படித் தேறுகிறது என்று வகுத்து வைத்திருக்கிறார். முதலில் துவண்டு கிடக்கும். பிறகு ஒன்றை அசைக்கப் போனால் எல்லாம் ஒரு கொத்தாகச் சேர்ந்து அசையும்: தோள் ஏறும், முழங்கை மடங்கும், விரல் மூடும். அதன் பிறகுதான் கொத்து பிரிந்து, முழங்கை நீண்டிருக்கும்போதே விரல் திறப்பது போன்ற தனித்தனி அசைவு வரும். அம்மா நடுப்படியில் நிற்கிறார். இந்தப் படியில் ரப்பர் பந்தை அழுத்தச் சொல்வது, ஏற்கெனவே மூடிக்கொள்ளும் கைக்கு மூடவே பழக்குவது. பந்து அழுத்தினால் இறுக்கம் ஏறிவிடும், கை கெட்டுவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது அவ்வளவு சரியில்லை. நேரம் வீணாகிறது என்பதுதான் என் வருத்தம். அம்மாவுக்கு இருக்கும் தெம்பு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். அதைத் திறப்பதற்குச் செலவிடுவோம்.

மூடிய கையைத் திறக்க ஒரு வழி இருக்கிறது. விரல் நுனியைப் பிடித்து இழுத்துப் பிரிக்காதீர்கள். இழுக்க இழுக்க இறுகும். உங்கள் கையிலேயே பாருங்கள்: மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டால் விரல்கள் தாமே விரிகின்றன, பின்னால் நிமிர்த்தினால் தாமே மடங்குகின்றன. அதனால் அம்மாவின் மணிக்கட்டை முதலில் மெதுவாகக் கீழ்நோக்கி மடக்குங்கள். இறுக்கம் பாதி விட்டுவிடும். பிறகு கட்டை விரலை அதன் அடிச்சதையோடு சேர்த்துப் பிடித்து வெளிப்பக்கம் விலக்குங்கள். மற்ற விரல்கள் தளர்ந்து வரும். தளர்ந்ததும் மணிக்கட்டை மெல்ல நிமிர்த்தி, உள்ளங்கையை மேசைமேல் விரித்து, சற்று நேரம் அப்படியே இருக்கட்டும். அதற்குப் பிறகுதான் பயிற்சி. இதுவே பயிற்சி என்று நின்றுவிடாதீர்கள். நீட்டி மடக்கி விடுவது கையைத் தயார்படுத்தும், அவ்வளவுதான். அம்மாவின் மூளையிலிருந்து கட்டளை புறப்படாத வரை அது உங்கள் உடற்பயிற்சி.

முதலில் துடைக்கும் வேலை. அம்மா நாற்காலியில், முன்னால் மேசை, மேசைமேல் ஒரு துண்டு, துண்டுமேல் வலது கை. மேசையைத் துடைப்பதுபோல் கையை முன்னால் தள்ளி, முழங்கை நீளும் வரை போய், திரும்பி வரட்டும். எடையை மேசை தாங்குவதால் தோள் நசுங்காது. செய்யும்போது உடம்பைக் கவனியுங்கள். கை போகாத தூரத்தை முதுகு குனிந்து ஈடுகட்டிவிடும், தோள் காதை நோக்கி ஏறும். பார்ப்பதற்குக் கை போன மாதிரியே இருக்கும். ஒரு துண்டையோ பழைய துப்பட்டாவையோ நெஞ்சைச் சுற்றி நாற்காலி முதுகோடு தளர்வாகக் கட்டிவிட்டால் இந்தத் திருட்டுத்தனம் நடக்காது. பிறகு கை போய்ச் சேர ஓர் இடம் கொடுங்கள். "நீட்டும்மா" என்பதைவிட "அந்த டம்ளரைத் தொடும்மா" என்பது நன்றாக வேலை செய்யும். தொட்டதும் டம்ளரை அரை விரல்கடை தள்ளி வையுங்கள்.

மணிக்கட்டுக்கு: முன்கையைக் கட்டை விரல் மேலிருக்கும்படி பக்கவாட்டில் சாய்த்து வைத்து, புறங்கைப் பக்கமாக வளைக்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் கையின் எடையைத் தூக்க வேண்டியதில்லை, மேசைமேல் நகர்த்தினால் போதும். அது வந்த பிறகு உள்ளங்கை கீழே பார்க்க, விளிம்பில் தொங்கவிட்டுத் தூக்கலாம்.

விரலுக்கு உங்கள் வீட்டிலேயே இருப்பதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை: பூக்கூடை. கோழிக்கொண்டையில் தொடங்குங்கள். தடித்த பூ, பெரிய காம்பு, நழுவாது. ஒரு தட்டிலிருந்து எடுத்து இன்னொரு தட்டில் போட வேண்டும். போடும்போது தட்டுக்கு மேலே கையை நிறுத்தி, மணிக்கட்டைச் சற்றுத் தளரவிட்டு, விரலைத் திறக்கட்டும். திறக்கவில்லையென்றால் கட்டை விரலின் அடியில் நீங்கள் லேசாக உதவலாம். விழுந்துவிட்டால் ஒரு பூ. அது கைகூடியதும் செவ்வந்தி. மல்லிகை மொட்டு வர நாளாகும். மொட்டை நசுக்காமல் எடுத்து நசுங்காமல் விடுவது நல்ல கைக்கே நுட்பமான வேலை. கோலப்பொடியும் அப்படித்தான். கட்டை விரலும் இரு விரலும் பொடியைப் பிடித்திருக்கும்போதே விட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். கோடு விட்டு விட்டு விழுந்தால் அம்மாவே எங்கே தப்பு என்று சொல்லிவிடுவார், நீங்கள் சொல்லத் தேவையில்லை.

எத்தனை முறை? இங்கேதான் நம் எல்லாருக்கும் கணக்குத் தவறுகிறது. பத்து தடவை செய்துவிட்டு முடிந்தது என்கிறோம். அமெரிக்கா, கனடா மருத்துவமனைகளில் ஒரு பயிற்சி வேளையில் கை உண்மையில் எத்தனை முறை வேலை செய்கிறது என்று எண்ணிப் பார்த்து 2009ல் எழுதினார்கள்: சராசரி 32. ஆய்வுக்கூட விலங்குகளிடம் மூளை மாறியது நாளுக்கு நானூறு, ஐந்நூறு முறை செய்ய வைத்தபோது. ஒரு மணி நேரத்தில் 300 முறைக்கு மேல் மனிதர்களாலும் செய்ய முடியும் என்று மறு வருடமே காட்டினார்கள். அம்மாவை முதல் நாளே முந்நூறுக்குத் துரத்தாதீர்கள். இரண்டு கிண்ணம், ஒன்றில் புளியங்கொட்டை. ஒரு முறை செய்தால் ஒரு கொட்டை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு. முதல் வாரம் நாளுக்கு அறுபது, எழுபது. காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளையாகப் பிரித்து. பிறகு வாரத்துக்கு முப்பது நாற்பது கூட்டுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய விடாதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் மூச்சு தானே ஓடும். கை களைத்துவிட்டால் முழங்கை மறுபடி நெஞ்சுக்கு ஏற ஆரம்பிக்கும். அதுதான் நிறுத்தச் சொல்லும் மணி.

துண்டை எடுத்துப் போடவே முடியவில்லை, விரலில் அசைவே இல்லை என்றால்? அப்போது கண்ணாடி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்கா போன நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன், வெட்டி எடுத்த கை இன்னும் இருப்பதுபோல் வலிக்கிறவர்களுக்காகக் கண்டுபிடித்த வழி இது. 1999ல் பக்கவாதக் கைக்கும் இதைப் பயன்படுத்திப் பார்த்து எழுதினார்கள். பிறகு வந்த பல ஆய்வுகளும் பலன் இருக்கிறது என்கின்றன. ஒன்றரை அடிக் கண்ணாடி ஒன்றை மேசைமேல், அம்மாவின் நெஞ்சுக்கு நேர் நடுவே, பலகை மாதிரிக் குத்துவாக நிறுத்துங்கள். கண்ணாடி முகம் இடது கையைப் பார்க்க வேண்டும். வலது கை அதன் பின்னால் மறைந்திருக்கட்டும். இரண்டு கையிலும் வளையல், மோதிரம் கழற்றிவிடுங்கள். இப்போது இடது கையை மெதுவாகத் திறந்து மூடச் சொல்லி, கண்ணாடிக்குள் பார்க்கச் சொல்லுங்கள். வலது கையே திறந்து மூடுவதாகத் தெரியும். மறைவில் இருக்கும் கையாலும் கூடவே முயல வேண்டும். நாளுக்கு அரை மணி. சிலருக்கு முதல் இரண்டு நாள் தலை கிறுகிறுக்கும், சிலர் அழுதுவிடுவார்கள். பக்கத்தில் இருங்கள்.

மணிக்கட்டும் விரலும் ஓரளவு அசைகிறது என்றால் டாப் சொன்ன வழி. அமெரிக்காவில் 222 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2006ல் வந்தது. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள். அம்மா இருக்கும் அதே கட்டம். விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கையில் உறை மாட்டி, இரண்டு வாரம் கடுமையாகப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்தும் பலன் இருந்தது. அவ்வளவு கடுமை வீட்டில் நடக்காது, நடத்தவும் வேண்டாம். இடது கையில் ஒரு பழைய சாக்ஸை மாட்டி, காலையில் ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி, உட்கார்ந்த இடத்தில் எல்லாமே வலது கையால் என்று வையுங்கள். நடக்கும்போதும் அடுப்படியிலும் சாக்ஸ் கூடாது. தடுமாறினால் பிடித்துக்கொள்ள அந்தக் கைதான் இருக்கிறது.

பூக்கட்டுவது எப்போது என்று அம்மா கட்டாயம் கேட்பார். இப்போதே உட்காரலாம், ஆனால் பழைய வேலை பிரிவினையில் இல்லை. நாரைச் சுற்றி முடிச்சுப் போடும் வேலையை இடது கை கற்றுக்கொள்ளட்டும். வலது கைக்கு முதல் உத்தியோகம், நார் நழுவாமல் மேசைமேல் அழுத்திக்கொள்வது. வெறும் பேப்பர்வெயிட் உத்தியோகம்தான். அதுவும் உத்தியோகம். கை ஒதுங்காமல் இருக்க அது போதும்.

சாப்பாட்டு விஷயத்தில் நீங்கள்தான் அம்மாவுக்கு உதவ வேண்டும். இடது கையில் சாப்பிடுவது நம் வீடுகளில் சாதாரணக் கூச்சம் இல்லை, அது எனக்குத் தெரியும். ஸ்பூன் கொடுத்துவிடுங்கள். ஸ்பூனைப் பிடித்தால் எந்தக் கை என்று யாரும் பார்ப்பதில்லை. எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். வலது கை தட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கட்டும். கொஞ்சம் தேறியதும் குழைந்த தயிர்சாதத்தில் வலது கையை விட்டுப் பிசைய மட்டும் சொல்லுங்கள், வாய்க்குக் கொண்டுபோவது பிறகு. பக்கவாதத்துக்குப் பின் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அம்மா சரியாகத் தூங்காததும் ஆள் முகம் பார்க்காததும் தோள்வலியாலும் கூச்சத்தாலும் மட்டும்தானா என்பதை டாக்டரிடம் கேளுங்கள். அதற்கு மருந்து உண்டு. மனசு தேறினால் பயிற்சியும் ஏறும்.

புறா ரத்தத்தால் புறாவுக்குத்தான் கேடு, அம்மாவுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அத்தையிடம் சொல்லிவிடுங்கள். எண்ணெய் தேய்ப்பதை நான் தடுப்பதில்லை. இதமாக இருக்கும், தொடும் உணர்வு கொஞ்சம் போய்ச் சேரும். அழுத்தி உருவக் கூடாது, பயிற்சிக்குப் பதிலாகவும் கூடாது. சுடுமணல், வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். அந்தக் கைக்குச் சூடு தெரியாமலிருந்தால் கொப்பளித்த பிறகுதான் தெரியவரும். இப்படி வெந்த கையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு, வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள் என்று உங்களை விட்டுவிட எனக்கு மனமில்லை. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுத்து வீட்டிலேயே பயிற்சி கொடுக்கச் செய்தார்கள். 2017ல் வந்த முடிவு ஏமாற்றம்தான். வழக்கமான கவனிப்பைவிட அது கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. அதே நேரம் கனடாவில், சிகிச்சையாளர் கற்றுக்கொடுத்துக் கண்காணிக்க, நோயாளிகள் தாங்களே நாளுக்கு ஒரு மணி, வாரத்துக்கு ஆறு நாள் கைப்பயிற்சி செய்த 'கிராஸ்ப்' என்ற திட்டத்தில் கை தேறியது. செய்வது நீங்களாக இருக்கலாம். அவ்வப்போது வந்து பார்த்து, இன்றைக்கு இந்தப் படி, நாளைக்கு அடுத்த படி என்று மாற்றிக்கொடுக்க ஆள் வேண்டும் என்பதே இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது. தினமும் வர வேண்டியதில்லை. பத்து நாளைக்கு ஒரு முறை வந்தாலும் போதும். அதற்குக் காசில்லையென்றால் கிராம சுகாதார செவிலியரிடம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. அந்தச் சிகிச்சையாளர் வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: தோள் மூட்டு இறங்கியிருக்கிறதா? இறுக்கத்துக்கு மாத்திரையோ ஊசியோ தேவைப்படுமா?

ரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாள்கூட விடாதீர்கள். பயிற்சியின் நடுவே திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, நன்றாக இருந்த காலோ கையோ துவண்டாலோ படுக்க வைத்துக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அதிலும் சீக்கிரம் போனால்தான் பலன் அதிகம்.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் போடுங்கள். கயிறு அவிழ்த்த பின் ராத்திரித் தூக்கம் எப்படி, துண்டு கையிலிருந்து தானாக விழுகிறதா, நாளுக்கு எத்தனை புளியங்கொட்டை வரை வந்திருக்கிறீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுச் செவ்வந்திக்குப் போகலாமா என்று சொல்கிறேன்.